ரெட்டைப் பெரட்டும் இரண்டு பூசணிக்காயும்

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணிமார் ஆயிரக்கணக்கில் இருந்திருக்கலாம். தினமும் இரண்டு துரைமாரிடம் போய் நின்று வேலை கேட்டவர் 'ரெட்டைப் பெரட்டு' என்று நாங்கள் பட்டப்பேர் வைத்திருந்த எங்கள் கங்காணி ஒருவர்தான். சத்தியமாகச் சொல்கிறேன்.

பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பது. சுதந்திரம் வந்த புதிதில் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. ஆறு மணிக்குப் பெரட்டு. இவரோ ஐந்தரைக்கே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் போய், தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்து நிற்பார்.

"வந்துட்டேன் ஆண்டவரே! இன்னைக்கு என்னா வேலை?"

பதில் வரும்வரை அசையமாட்டார். மழை கொட்டினாலும் சரி, அட்டை கடித்தாலும் சரி. அதற்குப் பிறகுதான் எங்கள் துரையின் பெரட்டு. ஒருமுறை மாத்தளையில் சட்டைத்துணி வாங்கப் போனோம். கடைக்காரர் கத்தரிக்கோலைத் தூக்கிவிட்டார். "பொறுங்க, மேல கேட்டுக்கிறேன்" என்று கண்ணை மூடினார் மனுஷன். வெறுங்கையோடு திரும்பினோம். "போன நத்தார் பண்டிகைக்கு எடுத்தது இன்னும் கிழியலையேங்கிறாரு!"

நானும் அதே வேதக்கோயிலில், அவருக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்தவன்தான். எனக்கு ஒருநாளும் அப்படிப் பதில் வந்ததில்லை. நான் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஒருநாள் கவனப் பிசகில், பதினோராம் நம்பர் மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்பவேண்டிய அவருடைய ஆட்களை ஏழாம் நம்பருக்கு அனுப்பிவிட்டேன்.

"ஐயா, அங்க மூணு நாளைக்கு முன்னதானே கொழுந்து எடுத்தோம்?"

"சொன்னதைச் செய்ங்க கங்காணி!" என்று எரிந்து விழுந்தேன்.

வளராத குருத்தெல்லாம் கூடைக்குப் போய்விட்டது. துரை வந்து குதியோ குதியென்று குதித்தார். "கங்காணிதான் மலை மாறிப் போயிட்டாரு" என்றேன், வாய் கூசாமல்! கங்காணி என்னைப் பார்த்தார். துரை அவருடைய கங்காணிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு, மண்வெட்டியைக் கொடுத்துத் தண்ணீர் ஓடும் கான் வெட்ட அனுப்பிவிட்டார். இருபது வருஷம் அந்தக் கம்பைப் பிடித்த கை அது.

மறுநாள் விடியலில் என் வீட்டுக் கதவு இடிபட்டது. கங்காணி! முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஐயா மேல கோவப்படக் கூடாதாம். உத்தரவு. மூணு தரம் கேட்டுப் பார்த்துட்டேன், மாத்தமாட்டேங்கிறாரு."

சொன்னதும் விறுவிறுவென்று போய்விட்டார்.

அடுத்த நாள் பூசணிக்காய். வாசற்படியில் அது விழுந்த சத்தத்தில் என் மனைவி "ஐயோ!" என்று கத்திவிட்டாள்.

"இந்தாங்க. எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்ல. குடுக்கச் சொன்னாரு, குடுத்துட்டேன்."

மூன்றாம் நாள் எனக்காக ஜெபம். லயமே கேட்க, பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "ஆண்டவரே, இந்த மனுஷனையும் பிள்ளைகுட்டியையும் ஆசீர்வதியும். நீர் சொன்னதாலதான் சொல்றேன். ஆமென்!"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதை எப்படி ஐயா தாங்குவது? அன்று மத்தியானம் மனைவி பூசணிக்காய்க் கறியை என் முன்னால் வைத்துவிட்டு, "இது உங்க தொண்டையில இறங்குதான்னு பார்ப்போம்" என்றாள். இறங்கவில்லை. முதல்முறையாக நானும் கண்ணை மூடிக் கேட்டேன். பதில் உடனே வந்தது. மூன்று நாளாகவே எனக்குத் தெரிந்த பதில்தான்.

மறுநாள் பெரட்டில், அத்தனை பேர் முன்னால், "மலையை மாத்திச் சொன்னது நான்தாங்க. கங்காணி மேல தப்பில்ல" என்றேன். துரை என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுக் கம்பைத் திருப்பிக் கொடுத்தார். கங்காணி அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிக்கொண்டார். என் பக்கம் திரும்பவேயில்லை.

அடுத்த விடியலில் மறுபடியும் கதவு. மறுபடியும் பூசணிக்காய். இந்தமுறை குனிந்து, இரண்டு கையாலும் மெதுவாக வைத்தார்.

"இன்னைக்கும் உத்தரவா கங்காணி?"

"இல்லீங்கய்யா. இன்னும் மேல கேக்கவேயில்ல. இது நானாக் கொண்டாந்தது."

எனக்குத் தெரிந்து, மேலே கேட்காமல் அந்த மனுஷன் செய்த ஒரே காரியம் அதுதான். அது எனக்காக என்று நினைக்கும்போது இன்றைக்கும் கண் கலங்குகிறது.