கஸோவரியும் பதினொரு வாழைப்பழமும்

பிடிவாதம் கெட்ட குணம் என்பவர்கள், பிடித்த ஒன்றைக் கடைசிவரை பிடித்துப் பார்க்காதவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை என் கணவர் சேகர் வேறு மாதிரி சொல்வார். நம்பாதீர்கள்.

பள்ளி விடுமுறைக்கு வடக்கு குயின்ஸ்லாந்து மழைக்காட்டுக்குப் போகிறோம் என்றதும், மல்கிரேவில் எங்கள் பக்கத்து வீட்டு வசந்தி அன்ரி பதறினார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"முதலையும் பாம்பும் இருக்கிற இடத்துக்கு ஆரும் விரும்பிப் போவினமே, பிள்ளை? கோல்ட் கோஸ்ட்டுக்குப் போங்கோவன்."

"அதுங்களைப் பார்க்கத்தான் போறோம் அன்ரி" என்றேன். (அப்போது வாய் அப்படி.)

மூன்றாம் நாள் காலை, வழியில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு காட்டுப் பாதையின் தொடக்கத்துக்கு வந்தோம். கார் நிறுத்த இடம், ஒரு தகரக் கழிப்பறை, ஒரு பெரிய அறிவிப்புப் பலகை. 'காட்டு உயிரினங்களுக்கு உணவு கொடுப்பது குற்றம். அபராதம் உண்டு.' இரண்டு முறை படித்தேன். எங்கள் ஆஸ்திரேலியக் குடியுரிமை விண்ணப்பம் அப்போது பரிசீலனையில் இருந்தது. அந்த மாதங்களில் நான் ஆளில்லாத தெருவில்கூடப் பச்சை விளக்கு வராமல் ரோட்டைத் தாண்டியதில்லை.

சேகரும் பதினான்கு வயது மகள் நிலாவும் காரில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பழச் சீப்போடு முன்னால் நடந்தேன். புதர் விலகியது. என் உயரத்துக்கு ஒரு பறவை நின்றது. கறுத்த உடம்பு, நீலக் கழுத்து, தலையில் ஹெல்மெட் மாதிரி ஒரு கொண்டை, காலில் கத்தி போல நகம். கஸோவரி. பறக்காது, உதைக்கும்.

"அம்மா, டோன்ட் ரன்!" என்று நிலா கத்தினாள். சேகர் கார்க் கதவைச் சாத்தி, கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, அதன் வழியாக எனக்குத் தைரியம் சொன்னார்.

"கல்பனா! பழத்தத் தூக்கிப் போடு!"

"போர்டுல என்ன போட்டிருக்குன்னு படிங்க!"

"உயிரே போனா சிட்டிசன்ஷிப் எதுக்குடி?"

"உங்க ரெண்டு பேருக்கும் வேணும்ல!"

சீப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து கழிப்பறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். கதவுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அங்கே மூன்று விரல் பாதம் ஒன்று வந்து நின்றது.

யோசித்தேன். பழம் இருப்பதால்தானே பிரச்சினை? இல்லாமல் செய்துவிட்டால்? உரித்தேன். அந்த வாசனையில் ஒரு பழம் தின்பதே வீரம். நான் பதினொன்று தின்றேன். ஏழாவதில் கண்ணீர் வந்தது. தோல்களைத் தொப்பிக்குள் அடுக்கினேன். பாதம் அசையவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வனத்துறைப் பெண் ஒருவர் வந்து, பறவையை ஒதுக்கிவிட்டு என்னை வெளியே அழைத்தார். பறவைக்கு ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார்.

"இல்லை. நானே தின்றுவிட்டேன்" என்று தொப்பியை நீட்டினேன்.

அவர் தோல்களைப் பார்த்தார். பிறகு மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின. கழிப்பறைக்குப் பின்னால் அந்தப் பறவையின் மூன்று குஞ்சுகள் உதிர்ந்த காட்டுப் பழங்களைக் கொத்திக்கொண்டிருந்தனவாம். அப்பா பறவை அவற்றுக்குத்தான் காவல் நின்றதாம். (கஸோவரியில் குஞ்சுகளை வளர்ப்பது அப்பாதான். கார்க் கண்ணாடி வழியாக அல்ல. இதைச் சேகரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.)

அன்று மாலை முதலைப் படகில் எல்லோரும் முதலை பார்த்தார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகின் தரையைப் பார்த்தேன்.

இப்போது எங்கள் வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் வசந்தி அன்ரி அறிமுகம் செய்துவைப்பார்: "இவதான் கோழிக்குப் பயந்து கக்கூசுக்குள்ள இருந்து வாழைப்பழம் திண்டவ."

எல்லோரும் சிரிப்பார்கள். சேகர் சத்தமாகவே சிரிப்பார். நான் ஒவ்வொரு முறையும் எழுந்து நின்று திருத்துகிறேன்:

"கோழி இல்ல அன்ரி, என் உயரம். அப்புறம், ஒரு பழம்கூட நான் அதுக்கு விட்டுக் கொடுக்கல."