முறையண்ணை கொழும்பில் தண்ணீர் திருப்பினார்

மழை பெய்வதில் ஒழுங்கு இல்லை என்று கடவுள்மேல் குறை வைத்திருக்கும் ஒரே மனிதர் எங்கள் ஊரான முரசுமோட்டையில் இருக்கிறார். எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் பெய்தால் யாருக்கு எவ்வளவு போனதென்று எப்படிக் கணக்கு வைப்பது என்பது அவருடைய கேள்வி. கோயில் ஐயரிடம்கூட ஒருமுறை கேட்டுவிட்டார். ஐயர் அவசரமாகப் பூசைக்குப் போய்விட்டார்.

எங்கள் வாய்க்காலில் எந்த வயலுக்கு எப்போது, எத்தனை மணித்தியாலம் தண்ணீர் என்று முறை பார்த்து விடுபவர் அவர். அதனால் ஊருக்கு அவர் முறையண்ணை. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. முறை பார்ப்பதில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான்: கடைசி வயலில் இருந்துதான் தொடங்க வேண்டும். முன்னுக்கு இருப்பவன் எப்படியும் எடுத்துவிடுவான் என்பார்.

இந்தச் சட்டத்தை அவர் வயலோடு நிறுத்தியிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். தன் சொந்த மகளின் கலியாணத்தில் சோற்று வாளியோடு வந்த பெடியன்களை மறித்து, கடைசி வரிசையில் இருந்து பரிமாற வைத்தார். முதல் வரிசையில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் வெறும் இலையைப் பார்த்தபடி அரை மணி நேரம் இருந்தார்கள். அந்தச் சம்பந்தி இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்.

எங்கள் வாய்க்காலின் கடைசி வயல் என்னுடையது. ஆகவே அவருடைய சட்டத்தால் உலகத்தில் அதிக இலாபம் அடைந்தவன் நான்தான். ஒரே ஒரு சிறுபோகத்து வெயில்கால விதைப்பு தவிர. அந்த முறை பயிர் கதிர் தள்ளும் நேரம், எங்கள் நாளன்று மட்டும் தண்ணீர் வரவில்லை. மேலே மதகைப் பூட்டிவிட்டார்கள் என்றார் முறையண்ணை. நானும் நம்பி, முகம் தெரியாத யாரையோ வருடக்கணக்காகத் திட்டினேன். வயல் முழுதும் வெயிலில் காய்ந்து எரிந்தது. அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த என் மகள் மதுரா, வெடித்த மண்ணுக்குள் கைவிரலை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவள் வளர்ந்து சித்திரம் படிக்கப் போனாள். போன வருடம் கொழும்பில் வாவிக்கரையோரம் உள்ள ஒரு சந்தையில், அதை ஒட்டிய கலைக்கூடத்தில், அவளுடைய முதல் கண்காட்சி. பின்னேரம் ஐந்து மணிக்குத் தேர்வாளர்கள் வருவார்கள். அவர்களுக்குப் பிடித்தால் ஆறு மாதம் அங்கேயே தங்கி வேலை செய்ய இடம் கிடைக்கும். பிள்ளை இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் புறப்படும்போது முறையண்ணை பையோடு வந்து நின்றார். கொழும்பு பார்க்க வேண்டுமாம். வயலில் தண்ணீரில்லாத காலம், மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை.

விடியக்காலை பஸ்ஸில் யன்னல் பக்கக் கதிரைக்கும் முறை வைத்தார். புளியங்குளம் வரை அவர், அதிலிருந்து வவுனியா வரை நான். புளியங்குளச் சந்தியில் நான் நல்ல நித்திரை. தட்டி எழுப்பி யன்னல் பக்கம் மாற்றி இருத்தினார். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. அவர் கொழும்பு வரும்வரை குறட்டை விட்டார்.

அந்தச் சந்தையை நான் என்ன சொல்ல. எங்கள் வீட்டில் மாட்டுக்கு வைக்கும் தவிட்டைச் சின்னச் சீலைப் பையில் போட்டு நாடா கட்டி, உடம்புக்கு நல்லது என்று விற்கிறார்கள். தென்னம்மட்டையில் ஆணி அடித்து அதைக் கடிகாரம் என்கிறார்கள். வாவி ஓரம் வெள்ளைக்காரர்களும், வெள்ளைக்காரர்களைப் போல் நடக்கப் பழகும் நம்மவர்களும் பழரசம் குடித்தபடி திரிந்தார்கள். வாவிக்குள்ளே ஒரு நீரூற்று. தண்ணீரை மேலே எறிகிறது. அது திரும்ப வாவிக்குள்ளேயே விழுகிறது. முறையண்ணை கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்தபடி பதினைந்து நிமிடம் அதன்முன் நின்றார். பிறகு, இதை முறையாக விட்டால் எங்கள் வாய்க்காலில் மூன்று வயல் நனைந்திருக்கும் என்று துக்கத்தோடு சொன்னார்.

ஐஸ்கிறீம் கடையில் நீண்ட வரிசை. நாங்கள் நடுவில் நின்றோம். கடைசியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நிற்பதை அண்ணை கண்டுவிட்டார். சிங்களம் தெரியாது, ஆங்கிலம் தெரியாது; கை தெரியும். அந்தப் பெண்ணை முன்னுக்கு அனுப்பினார். அத்தோடு விட்டாரா? அடுத்த கடைசி ஆளையும் அனுப்பினார். அதற்கடுத்த ஆளையும் அனுப்பினார். முதலில் நின்ற கண்ணாடிக்காரர் என்னவோ கேட்க, இவர் அவருடைய தோளில் தட்டி, பொறுக்கும்படி சைகை காட்டினார். உடுப்பின் மடிப்புக் குலையாமல் இருந்ததால் அண்ணையை யாரோ மேலாளர் என்று நினைத்தார்கள் போலும், ஒருவரும் எதிர்க்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தபோது ஐஸ்கிறீம் பாதி தண்ணீர். மரக்கரண்டியை மட்டும் கழுவிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்போதே நான் அதைப் பறித்திருக்க வேண்டும்.

கலைக்கூடத்துக்குள் போனால், ஒரு அறை முழுதும் உடைந்த குடைகள் தொங்கின. இன்னொன்றில் ஒரு கதிரைக்கு மூன்று கால். அதன்முன் நான்கு பேர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது அறையில் என் மகளின் வேலை. நீளமான மரப்பெட்டிக்குள் மண் பரப்பி, வரம்பு கட்டி, பன்னிரண்டு குட்டி வயல்கள். சின்ன மோட்டர் தண்ணீர் அனுப்ப, பதினொரு வயலில் பச்சை நாற்று நின்றது. பன்னிரண்டாவது காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதன் மண்ணையும் வைக்கோலையும் எங்கள் வயலில் இருந்தே சாக்கில் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த வயலின் வாயை மெழுகால் அடைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு அட்டை: கடைசி வயலுக்குத் தண்ணீர் வராது.

அட்டையை இரண்டு தரம் வாசித்தேன். மகள் தேர்வாளர்களை எதிர்கொள்ள வாசலுக்குப் போனாள். நானும் முகம் கழுவப் போனேன். முறையண்ணையைத் தனியே விட்டுப் போனது என் பிழை.

திரும்பி வந்தபோது அவர் களிசானை முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டு, பெட்டியின் ஓரம் குந்தியிருந்தார். கையில் மரக்கரண்டி. பதினொரு வயலின் வாயையும் மண்ணால் அடைத்தாயிற்று. மெழுகைச் சுரண்டி எறிந்தாயிற்று. தண்ணீர் முழுதும் கடைசி வயலுக்குள் பாய்ந்து, வழிந்து, பளிங்குத் தரையில் சேறாக ஓடியது. ஒரு கண் மணிக்கூட்டில் இருந்தது.

"அண்ணை, என்ன வேலை பாத்தனீங்கள்?"

"கதையாதை. இன்னும் ஏழு நிமிசம் கிடக்கு."

கையைப் பிடித்து இழுத்தேன். எழும்பவில்லை. பிள்ளையின் இரண்டு மாத உழைப்பைக் குலைத்துவிட்டீர்கள் என்று கத்தினேன். தேர்வாளர் இருவரும் மகளும் அதே நேரம் வாசலில் வந்து நின்றதை நான் காணவில்லை. அண்ணை கடைசி வயலின் மூலையைக் காட்டினார். அங்கே கம்பியால் செய்த ஒரு சின்ன மரம் நின்றது.

"மூலையிலை மருது நிக்குது. இது உன்ரை வயல் தம்பி."

"தெரியும்."

"அண்டைக்கு, உன்ரை வயல் எரிஞ்ச முறை, மதகை ஒருத்தரும் பூட்டேல்லை. நான் இந்த மரத்துக்குக் கீழை நித்திரையாப் போயிட்டன். எழும்ப, மேல் வயல்காரர் எல்லாத்தையும் எடுத்திட்டாங்கள். சொல்ல வெக்கமாக் கிடந்தது."

ஊர் முழுவதையும் மணிக்கூட்டால் ஆட்டிப் படைத்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவ்வளவு காலமும் நான் திட்டிய திட்டெல்லாம் யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அந்தக் கிழட்டுக் கை கரண்டியால் வரம்பைத் தட்டிச் சரிசெய்வதைப் பார்த்தபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தேர்வாளர்கள் அட்டையைப் பார்த்தார்கள், நிரம்பிய வயலைப் பார்த்தார்கள். இதில் எது உண்மை என்று ஒருவர் மகளிடம் ஆங்கிலத்தில் கேட்டார். பெரியவர் தெரியாமல் செய்துவிட்டார், அரை மணித்தியாலம் தாருங்கள், பழையபடி ஆக்கித் தருகிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்லட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டு நின்றேன். அவள் அண்ணைக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே முதலில் சொன்னாள்.

"அப்ப வரேல்லை. இப்ப வந்திட்டுது."

பிறகு ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு, சேற்றை மிதிக்காமல் கவனமாகத் தாண்டி அடுத்த அறைக்குப் போனார்கள். அந்த ஆறு மாத இடம், உடைந்த குடைகளைத் தொங்கவிட்டவருக்குக் கிடைத்தது. கலை எனக்கு விளங்காது. குடை ஒழுகும் என்பது விளங்கும்.

வரும் வழியில் முறையண்ணை யன்னல் முறை வைக்கவில்லை. முழு வழியும் என்னையே யன்னல் பக்கம் இருக்க விட்டார். நித்திரையும் கொள்ளவில்லை. அது எனக்கு அவருடைய குறட்டையை விடக் கஷ்டமாக இருந்தது.

பத்து நாள் கழித்து மதுரா படம் ஒன்று அனுப்பினாள். அட்டையை எடுத்துவிட்டிருந்தாள். கடைசி வயலில், வைக்கோலில் ஒட்டிக் கிடந்த நெல்லெல்லாம் முளைத்து நின்றது. போனை அண்ணையிடம் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் களை இருக்கிறது, பிடுங்கச் சொல் என்றார்.

இந்தச் சிறுபோகத்திலும் என் வயலுக்கு முறை வரும் நாளில் அவர்தான் வரம்பில் நின்றார். மருதமர நிழல் பக்கத்திலேயே கிடக்க, மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றார். நிழலுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டேன். வரமாட்டார் என்று தெரியும். அதனால் நானும் தேத்தண்ணீர்ப் போத்தலோடு வெயிலுக்குப் போய், தண்ணீர் வந்து முடியும்வரை அவருக்குப் பக்கத்தில் நின்றேன்.