செஸ் மெஷினுக்குப் புத்தி கம்மி

திருத்தணி,
ஆவணி மாதம், 1985

மஸ்கட்டில் உத்தியோகம் பார்க்கும் மைத்துனன் சிரஞ்சீவி கண்ணையனுக்கு, சின்ன பாவா கோதண்டபாணி அநேக ஆசீர்வாதம் செய்து எழுதுவது. மலைமேல் இருப்பவன் தயவில் இங்கே எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. உன் அக்கா பத்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் அலையாமல் இருப்பாய் என்று நம்புகிறேன்.

நிற்க. நீ லீவில் வந்தபோது பெரிய பாவா நாகேந்திரனுக்குச் செஸ் ஆடும் மெஷினும் எனக்குத் தலைவலித் தைலமும் கொடுத்துவிட்டுப் போனாய். யாருக்குத் தலைவலி வரப்போகிறது என்று அப்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது. பொறாமையில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. ரயில்வே டிக்கெட் கவுண்டரில் பாதி ஆயுசைக் கழித்தவன் நான். எத்தனையோ பேர் முதல் வகுப்பில் ஏறிப் போனதைச் சிரித்த முகத்தோடு பார்த்தவன். ஆனால் உன் அக்காமார் இருவரையும் கட்டிய நாளிலிருந்து சகலைகள் நாங்கள் இரண்டு பேரும் சாயங்காலமானால் அவருடைய ஜவுளிக்கடையில் செஸ் பலகையை விரித்துவிடுவோம் என்பது ஊருக்கே தெரியும். இப்போது போனால், மனுஷன் அந்தப் பெட்டியின் எதிரே பெண் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். கட்டத்தை அழுத்தினால் அது கீச்சென்கிறது, ஓரத்தில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது, இவர் அது காட்டிய இடத்தில் அதன் காயையும் தானே நகர்த்தி ஊழியம் செய்கிறார். "டீ சொல்லட்டுமா?" என்று கேட்டால், "கொஞ்சம் இரு சகலை, அது யோசிச்சிகினு இருக்குது" என்கிறார். நான் யோசித்தபோதெல்லாம் "இன்னாய்யா, தூங்கிட்டியா?" என்று கேட்டவர் இவர்தான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் நானே அதன் எதிரில் உட்கார்ந்தேன். தோற்றேன். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது, அதனால்தான். அம்மையார்குப்பத்திலிருந்து கடைக்குப் புடவை கொண்டுவந்து போடும் நெசவாளி ஜம்புலிங்கம், "சார் ரிட்டயர்டு ஆயிட்டாரு, மெஷினு இன்னும் சர்வீஸ்ல இருக்குது" என்றான். கடையே சிரித்தது. சகலையும் சிரித்தார். அதற்கப்புறம் ஒரு வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று உன் அக்கா எழுதினால் நம்பாதே, எனக்கு வயிறு சரியில்லை. கடைசியில் சகலையே வீட்டு வாசலில் வந்து நின்று, "வந்து இன்னொரு ஆட்டம் ஆடு. மெஷினு உன்னக் கேட்டுகினே இருக்குது" என்றார். மெஷின் எப்படிக் கேட்கும் என்று நானும் கேட்கவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கண்ணையா, அன்றைக்குத்தான் அதன் வண்டவாளம் தெரிந்தது. முதல் தடவை யுகக்கணக்காக யோசித்த மெஷின், இந்தத் தடவை நான் காயை வைத்த உடனே டக்கென்று பதில் வைத்தது. பயம். அப்புறம் பேராசை. ஒரு சிப்பாயைத் தனியாக விட்டால் போதும், அதன் ராணி சுண்டலைக் கண்டதுபோல ஓடிவந்து தின்கிறது. வீட்டில் ராஜா ஒண்டியாகக் கிடக்கிறானே என்கிற நினைப்பில்லை. ராஜாவுக்கு ஆபத்து நெருங்கிவிட்டதா, குதிரை, யானை என்று ஒவ்வொன்றாக முன்னால் தள்ளி வெட்டக் கொடுக்கிறது. பெண் வீட்டார் வந்து நிற்கும்போது காபி, பஜ்ஜி, வெற்றிலை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, மாப்பிள்ளை ஓடிப்போனதை மறைக்கிற வீடு மாதிரி. காய்கள் குறைந்துபோனால் இன்னும் மோசம். கிருத்திகைக் கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தவன் போல ஒரே யானையை இந்தண்டையும் அந்தண்டையும் நகர்த்திக்கினே இருக்குது. எல்லாவற்றையும்விட, போன ஆட்டத்தில் விழுந்த குழியிலேயே அடுத்த ஆட்டத்திலும் விழுகிறது. அதே ஆட்டத்தை அப்படியே திருப்பி ஆடினேன், அதே இடத்தில் அதே மாதிரி தோற்றது. அன்றும் வந்திருந்த ஜம்புலிங்கம் குனிந்து புடவைகளை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். சகலை பெட்டியை மூடி ஒதுக்கிவிட்டு, பழைய மரக் காய்களை எடுத்து அடுக்கினார். "மெஷினு போதும். நாம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போடலாம் வா" என்றார். ஜெயித்த திமிரில், "மெஷின்கிட்ட தோத்துகினு இருக்கிறவரோட நான் இன்னாத்த ஆடறது?" என்று கேட்டுவிட்டேன். அவர் அடுக்கிய காய்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பையில் போட்டார். அன்றிலிருந்து நானும் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. சாயங்காலம் ரேடியோ கேட்கிறேன். கடைப் பக்கம் எனக்கு வேலை எதுவும் இல்லை, இருந்தாலும் அந்த வழியாகத்தான் வெற்றிலை வாங்கப் போகிறேன். உள்ளே அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகினுதான் இருக்குது.

ஆகையால் அடுத்த லீவில் வரும்போது அந்தச் சனியனை மஸ்கட்டுக்கே எடுத்துப் போய்விடு. அவ்வளவு புத்தி கெட்ட பொருளோடு பெரிய மனிதர் சகவாசம் வைத்துக்கொள்வது நம் குடும்பத்துக்கு அழகல்ல. ஆயுள், ஆரோக்கியம், சம்பள உயர்வு எல்லாம் உனக்குக் கூடிவரத் தணிகாசலன் துணையிருப்பான்.

இப்படிக்கு,
கோதண்டபாணி

பின்குறிப்பு: தம்பி, பத்மா அக்கா எழுதுவது. தபாலில் போடச் சொல்லி உன் பாவா இதைக் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். அந்த மெஷினில் ஆட்டத்தைக் கடினமாக்கவும் சுலபமாக்கவும் ஒரு பொத்தான் இருக்கிறதாமே. இவர் ஜெயித்த அன்று பெரிய பாவாதான் அதை, சின்னக் குழந்தைகள் ஆடும் அளவுக்குக் குறைத்து வைத்தாராம். "தோத்தா சகலை வரமாட்டான், ஜெயிச்சாலாவது வருவான்னு பாத்தேன்" என்று நம் பெரியக்கா வரலட்சுமியிடம் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். உன் பாவாவிடம் நான் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே. மெஷினை எடுத்துப் போகவும் வேண்டாம். உன் பாவா இப்போதுதான் தலை வாரிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். பாவம், பெரிய பாவா தோற்றுக்கொண்டே இருக்கிறாராம். மெஷினை எப்படி ஜெயிப்பது என்று இவர் அவருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறாராம்.