பீரோ பிடியில் ஒரு மஞ்சள் அட்டை

ஓசூரில் 'மஞ்ச டேக்' என்று எல்லோரும் கூப்பிடும் பெரியவர் அட்டை கட்டாத பொருள் அநேகமாக எதுவும் கிடையாது. என் ஸ்கூட்டரும் அதில் அடக்கம்.

அவருடைய நிஜப்பெயரை யாரும் கேட்டதில்லை. வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே தேறிய பாகத்துக்குப் பச்சை அட்டை, தேறாததற்குச் சிவப்பு, முடிவு தெரியாமல் கிடப்பதற்கு மஞ்சள். மஞ்சளில் தேதி, காரணம், கையெழுத்து மூன்றும் இருக்க வேண்டும். ஓய்வு பெற்றபோது ஆலையை விட்டு வந்தார். அட்டைகளை விட்டு வரவில்லை.

ஒருநாள் டீக்கடையில் உளுந்து வடையின் ஓட்டைக்குள் நூலை விட்டு ஓர் அட்டை கட்டியிருந்தார். 'காரணம்: எப்போது சுட்டது எனத் தெரியவில்லை.' கடைக்காரர் கன்னடத்தில் பாதி, தெலுங்கில் மீதி திட்டிவிட்டுத் தமிழுக்கு வந்தார்.

"யோவ், இதை இனிமே எவன் திம்பான்?"

"இன்னிக்குப் போட்டதா, நேத்துப் போட்டதா? சொல்லு, அவுத்துடறேன்."

கடைக்காரர் வடையைத் தட்டோடு உள்ளே எடுத்துப் போனார்.

மஞ்ச டேக்குக்கு ஒரு தம்பி. ஐம்பது வயதாகியும் பேச்சு வராதவர். தான் ஷிப்டுக்குப் போகும் காலத்தில் அண்ணன் அவரை ராயக்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் காப்பகத்தில் விட்டிருந்தார். ஒருமுறை பார்க்கப் போனபோது தம்பியின் சட்டை ஆணியில் மாட்டியது போலத் தொங்கியது. அன்றே வீட்டுக்கு அழைத்து வந்து, புகாரும் கொடுத்தார். அதிகாரி ஒருவர் காப்பகத்துக்குப் போய் விசாரித்து அறிக்கை எழுதினார். அந்த அறிக்கை கிருஷ்ணகிரியில் ஓர் அலுவலகத்து இரும்பு பீரோவுக்குள் போனது. வெளியே வரவில்லை. மற்றவர்கள் இன்னும் அந்தக் காப்பகத்திலேயே இருந்தார்கள்.

"அவன் வாயால சொல்ல மாட்டான் சார்," என்றார் என்னிடம். "கொண்டுபோய் விட்டவன் நான். உள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

திங்கட்கிழமைதோறும் தம்பியுடன் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினார்.

"பரிசீலனையில இருக்குதுங்க," என்றார் அந்த அலுவலகத்து எழுத்தர் அம்மா.

"எதுவரைக்கும் இருக்கும்மா?"

"அது தெரியாதுங்க."

"தெரியலன்னா மஞ்சள்தான்," என்று பீரோவின் பிடியில் ஓர் அட்டையைக் கட்டினார். முதல் வாரம் அந்த அம்மா கத்தரிக்கோலால் வெட்டி எறிந்தார். இரண்டாம் வாரம் பார்க்காதது போல இருந்தார். ஐந்தாம் வாரம், "அண்ணே, கையெழுத்தை விட்டுட்டீங்க," என்று கூப்பிட்டுச் சொன்னார்.

நான் உள்ளூர் நிருபர். இடையில் என் பத்திரிகையில், 'அறிக்கை விரைவில் வெளியாகும் எனத் தெரிகிறது' என்று எழுதினேன். மறுநாள் காலை என் ஸ்கூட்டரில் அட்டை தொங்கியது. 'காரணம்: விரைவில் என்றால் எந்தத் தேதி?'

"அது செய்தியில எழுதற வழக்கம்ணே," என்றேன்.

"யாராவது தேதி சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப அவுக்காதீங்க."

அதற்குப் பிறகு 'விரைவில்' என்ற சொல்லை நான் எழுதியதே இல்லை.

மழைக்காலம் முடிந்த சமயம் புது அதிகாரி ஒருவர் வந்தார். இந்த அறிக்கை எத்தனை நாளாக நிற்கிறது என்று கேட்டார். கோப்பில் இருந்த தாள்களெல்லாம் 'நடவடிக்கையில் உள்ளது' என்றன. ஒன்றிலும் தேதி இல்லை. எழுத்தர் அம்மா பீரோவைக் காட்டினார். அட்டைகளுக்கு அடியில் பிடியே தெரியவில்லை. ஒவ்வொன்றிலும் தேதி, காரணம், கையெழுத்து. அதிகாரி நின்றபடியே எல்லாவற்றையும் படித்தார்.

அந்த மாதமே அறிக்கை வெளியானது. காப்பகத்தில் இருந்த மற்றவர்களை வேறு இல்லங்களுக்கு மாற்ற உத்தரவும் வந்தது.

அலுவலக வாசல் பெஞ்சில் அமர்ந்து மஞ்ச டேக் தம்பிக்கு அறிக்கையைப் படித்துக் காட்டினார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஏழாம் பக்கத்தில் ஓர் இடத்தை இரண்டுமுறை படித்தார். 'வீட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டுவிட்ட, பேச இயலாத ஒருவர் தன் சோற்றில் பாதியைப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவருக்குத் தள்ளிவிடுவார் என உடனிருந்தோர் கூறினர். இருவருக்குமே போதவில்லை.'

"இவன்தான் சார்," என்றார். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பிறகு பையைத் துழாவி ஒரு பச்சை அட்டை எடுத்தார். அவர் கையில் அந்த நிறத்தை நான் பார்த்தது அதுதான் முதல்முறை. தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, தம்பியின் சட்டைப் பொத்தானில் கட்டினார்.

தம்பி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மெல்ல அவிழ்த்தார். அண்ணனின் பொத்தானில் கட்டினார்.

ஓசூர் பஸ்ஸில் கண்டக்டர் முறைத்துப் பார்த்தும் மஞ்ச டேக் அதை அவிழ்க்கவில்லை. ஊரையே சோதித்தவரைச் சோதித்து முடிவு சொன்னது தம்பி ஒருவர்தான். என்னைக் கேட்டிருந்தால் நானும் அந்த நிறத்தைத்தான் எடுத்திருப்பேன்.