அப்பாக்களுக்கும் மஞ்சள் கார்டு

கடலூர் மாவட்டத்திலேயே அப்பாக்களுக்கு மஞ்சள் கார்டு காட்டிய ஒரே மனுஷி எங்கள் அம்பயர் அக்காதான். சந்தேகம் இருப்பவர்கள் என்னைக் கேட்கலாம். அதிகமாக வாங்கியவன் நான்.

செம்மண்டலத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடி போர்ஷனில் குடியிருந்தார். பள்ளியில் பி.டி. டீச்சர், லீவு நாளில் கபடி அம்பயர். கழுத்தில் விசில், கைப்பையில் கார்டு. பால் வாங்கப் போனாலும் ரெண்டும் கூடவே போகும். அவருடைய நிஜப் பெயர் வீட்டு ஓனருக்கே மறந்துவிட்டது.

அக்கா மகனுக்கு ஒன்பது வயது. ஒருநாள் பந்தடித்து என் பைக் கண்ணாடியை உடைத்துவிட்டு, "பூனை தள்ளிடுச்சு" என்றான். அக்கா அடிக்கவில்லை, கத்தவில்லை.

"போய் மாமாகிட்ட நெசத்த சொல்லு. அப்புறம், ஒரு மாசத்துக்கு ஞாயித்துக்கெழம அவுங்க வண்டிய நீதான் தொடைக்கிற."

பையன் துடைத்த துடைப்பில், என் வண்டியின் நிறம் சிவப்பு என்பது எனக்கே நினைவு வந்தது.

இன்னொரு நாள் காலை. அக்கா தன் வீட்டு வாசலில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னக்கா?"

"பையன்கிட்ட தேவையில்லாம கத்திட்டேன் தம்பி. எனக்கு நானே கார்டு குடுத்துக்கிட்டேன். கபடியில மாதிரி ரெண்டு நிமிஷம் வெளிய. பேசாதீங்க, டைம் ஓடிட்டிருக்கு."

என் மகள் யாழினிக்கு அப்போது மூன்றரை வயது. கேட்டது கிடைக்காவிட்டால் தரையில் படுத்துவிடுவாள். கடலூரில் அவள் படுக்காதது நகைக்கடையில் மட்டும்தான். அங்கே நாங்கள் போவதில்லை.

"இவளுக்கும் ஒரு தண்டனை சொல்லுங்கக்கா" என்றேன்.

"ஒம்பது வயசு ரூல் மூணு வயசுக்குச் செல்லாது தம்பி. அவன் யோசிச்சுப் பொய் சொன்னான். இவளுக்குக் கோவம் வந்தா இன்னா பண்றதுன்னே தெரியல. நீங்கதான் கூட இருக்கணும்."

இது எனக்குப் புரிந்தது திருவந்திபுரத்தில். கோயிலுக்கு எல்லோரும் சேர்ந்து போயிருந்தோம். பொம்மைக் கடை முன்னால் யாழினி படுத்துவிட்டாள். கூட்டம் கூடியது. ஆளுக்கொரு யோசனை. நான் அவமானத்தில் கையை ஓங்கினேன்.

வீல் என்று விசில்!

"கைய எறக்குங்க தம்பி!" மஞ்சள் கார்டு என் மூக்குக்கு நேரே நின்றது. "மத்தவங்கல்லாம் தள்ளிப் போங்க, இங்க ஒண்ணும் மேட்ச் நடக்கல!"

கூட்டம் கலைந்தது. அக்கா பட்டுப்புடவையோடு யாழினி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "கோவமா இருக்கா? அழு, பரவால்ல. பொம்மை மட்டும் இன்னைக்குக் கெடையாது." அவ்வளவுதான். குழந்தை அழுது முடித்து, தானே எழுந்து வந்தாள்.

போகும்போது எனக்கு மட்டும் தனியாகச் சொன்னார்: "மூணு வாட்டி இல்லன்னு சொல்லிட்டு நாலாவது வாட்டி வாங்கிக் குடுக்கறீங்க. அதான் அவ நாலு வாட்டி கத்துறா."

அடுத்த மாதம் சிதம்பரத்தில் மச்சான் கல்யாணம். ஐஸ்கிரீம் கவுண்டரில் இன்னொரு கப் கேட்டு யாழினி படுத்தாள். மொத்த மண்டபமும் திரும்பியது. நான் புது வேட்டியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கோவமா இருக்கா?"

"ம்ம்..."

"அழுதுக்கோ. அப்பா இங்கதான் இருக்கேன். ஐஸ்கிரீம் அவ்ளோதான்."

மாமியார் கப்போடு ஓடி வந்தார். "புள்ள அழுவுதே, குடுத்துடுங்க மாப்ள!"

"வேணாம் அத்தை."

மாமியாரை மறுத்துப் பேசியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. நாதஸ்வரம்கூட ஒரு கணம் தயங்கியதுபோல் இருந்தது. யாழினி இன்னும் கொஞ்சம் அழுதாள். பிறகு என் வேட்டியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாப்பா, கல்யாணப் பொண்ணப் பாக்கலாம்."

மேடைக்கு என்னை அவள் இழுத்துக்கொண்டு போனபோது, கோப்பை வாங்கப் போகும் கேப்டன்போல நடந்தேன். மாமியார் அந்தக் கப்பை அவரே சாப்பிட்டார்.

போன வருஷம் அக்காவுக்குக் காட்டுமன்னார்கோயிலுக்கு மாற்றல் ஆகிவிட்டது. லீவு விட்டால் அவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்று யாழினி கேட்பாள் என நினைப்பீர்கள். அவள் கேட்பதற்குள் நான் செருப்பு மாட்டியிருப்பேன்.