நான்கு அறையிலும் ஒரே ஒப்பாரி

ஒரு பொருளைப் பற்றி மூன்று வாரம் ஆராய்ந்து வாங்குகிறவனைவிட, கடைக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருகிறவன் நிம்மதியாக இருக்கிறான். நான் ஆராய்ந்து வாங்கினேன். அதனால்தான் என் தங்கையின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

மீனாவுக்கு மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் குடும்பத்தில் மாப்பிள்ளை அமைந்தது. அப்பா இல்லாத வீடு. நிச்சயதார்த்தத்தை அண்ணனாக நான்தான் முன்நின்று நடத்த வேண்டும். எங்கள் ஸ்ரீரங்கத்து வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். ஹாலில் லக்னப் பத்திரிகை வாசித்தால் நடு அறைக்கே கேட்காது. மாடியில் இருப்பவர்கள் சாம்பார் வாசனையை வைத்துத்தான் வாசித்து முடித்தாயிற்று என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

"ஒரு மைக் செட் வாடகைக்கு எடுங்க, போதும்" என்றாள் மனைவி ராஜி. (அந்த மாதம் எங்கள் வீட்டில் பேசப்பட்ட ஒரே அறிவான பேச்சு.)

நானோ, எல்லா அறைகளிலும் வைஃபை வழியாக ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்பீக்கர்கள் என்று முடிவெடுத்துவிட்டேன். அலுவலகத்தில் கோப்புக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு விமர்சன வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். தில்லைநகர் கடைக்காரர் ஒயர் இழுத்து மாட்டும் செட்டைத்தான் காட்டினார்.

"பழைய வீட்டுச் சுவருங்க சார், வைஃபை தாண்டாது. ஒயர்னா கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்."

"கரண்ட் போனா?"

"இதுவும் நின்னுடும் சார்."

அவரை மடக்கிவிட்ட பூரிப்போடு வீட்டுக்கு வந்து, பேட்டரி வைத்த ஸ்பீக்கர்கள் நான்கை ஆன்லைனில் வரவழைத்தேன். சமையலறையில், மோடத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் தலைமை. மற்ற மூன்றும் அதனிடமிருந்து வாங்கி ஒலிக்கும். ஒலித்தன என்று சொன்னால் பாவம். ஹாலில் தொடங்கிய பாட்டு நடு அறையில் திக்கி, மாடியில் பாதியில் செத்தது. "பழகப் பழகச் சரியாயிடும்" என்றேன் ராஜியிடம், ஏதோ புதுச்செருப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

நிச்சயதார்த்தக் காலை. மாப்பிள்ளையின் பெரியப்பா வந்து உட்கார்ந்ததும், "இங்க நெட் கிடைக்கலையே தம்பி" என்றார். வைஃபை பாஸ்வேர்டை நானே அவர் போனில் அடித்துக் கொடுத்தேன். (கேட்காத மூன்று பேருக்கும் கொடுத்தேன். அவ்வளவு உபசாரம்!)

என் சித்தப்பா, மைக்குக்குப் பதிலாக என் போனை வாயருகே பிடித்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். "நிகழும் மங்களகரமான..." அரை நொடி கழித்து நடு அறையில் "மங்களகரமான..." மாடியிலிருந்து "...கரமான". சித்தப்பா தன் குரலுக்கே வழிவிட்டு நின்றார். சட்டென்று எல்லாம் அடங்கியது. பிறகு நான்கு அறைகளிலும், துளிப் பிசிறில்லாமல், ஒரே நேரத்தில் ஒரு பெண்குரல் எழுந்தது.

"கட்டில்ல படுத்த மகராசா, கண்ணு முழிக்க மாட்டீங்களா!"

ஒப்பாரி. மேளத்தோடு. (வாங்கிய நாளிலிருந்து அவை அவ்வளவு சுத்தமாக ஒலித்ததே இல்லை.)

என் போனைப் பிடுங்கி நிறுத்தப் பார்த்தேன். வேறொரு போன் இயக்குவதாக அது கைவிரித்தது. பிளக்கைப் பிடுங்கினேன்; பேட்டரி தன் கடமையைச் செய்தது. பதற்றத்தில் ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தினேன், சத்தம் கூடியது. மகராசா இன்னும் கண் முழிக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா தாம்பூலத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். "சகுனமே சரியில்ல. கெளம்பலாம்."

கதவோரம் பட்டுப்புடவையில் நின்ற மீனாவைப் பார்த்தேன். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "விடுண்ணா" என்று மட்டும் சொன்னாள். இந்த ஒரு வேலையைக்கூட அப்பா இடத்தில் நின்று என்னால் செய்ய முடியவில்லை.

சமையலறையில் தொபீர் என்று ஒரு சத்தம். ராஜி தலைமை ஸ்பீக்கரைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கியிருந்தாள். நான்கு அறைகளும் ஒருசேர அடங்கின.

ஆனால் ஒப்பாரி நிற்கவில்லை. கொசு ரீங்காரம் போல மெல்லியதாக, ஹாலிலேயே எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. பெரியப்பாவின் சட்டைப்பையிலிருந்து!

"எங்க ஊர்க்காரர் ஒருத்தர் தவறிட்டாருங்க" என்று போனை வெளியே எடுத்தார் அவர். "அந்த வீடியோவ அனுப்பியிருந்தாங்க. பாத்துக்கிட்டிருந்தப்ப ஏதோ சின்னப் படம் தெரிஞ்சுது, தொட்டேன். போன்ல சத்தமே வரலைன்னு பைல போட்டுட்டேன்." அவர் தொட்ட படம் போனின் சத்தத்தை எங்கள் ஸ்பீக்கர்களுக்குத் திருப்பிவிட்டிருக்கிறது; தலைமை மூழ்கியதும் அது போனுக்கே திரும்பிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "பத்திரிகை வாசிக்கிறப்ப பாக்குற வீடியோவா மாமா இது?" என்றார். பிறகு பெருமூச்சோடு உட்கார்ந்து, தட்டைத் தானே இழுத்துக்கொண்டார். "குத்தம் நம்ம பக்கம்னு ஆனப்புறம் சகுனம் என்ன வேண்டிக்கிடக்கு? வாசிக்கச் சொல்லுங்க. போன் வேணாம்."

சித்தப்பா தொண்டை கிழியக் கத்தி வாசித்தார். மாடியில் இருந்தவர்கள் இறங்கி வந்து படியில் நின்று கேட்டார்கள். மீனாவின் கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்தால், வாசலிலேயே போனை அணைத்து என் கையில் கொடுத்துவிட்டுத்தான் பெரியப்பா உள்ளே வருகிறார். மீனாவின் மாமியார் அப்படியெல்லாம் விடுவதாக இல்லை. போன மாதம்கூட ஒரு வளைகாப்பில், முன்பின் தெரியாத நாற்பது பேருக்கு நடுவே என்னை இழுத்து நிறுத்தி அறிமுகப்படுத்தினார்:

"பொண்ண அனுப்பி வைக்கிறப்பத்தான் எல்லா வீட்லயும் அழுவாங்க. இவங்க வீட்ல நிச்சயத்துக்கே அழுதாங்க. அதுவும் நாலு ரூம்ல!"