சம்பந்தி ஜெயிப்பார் என்று கணக்குப் போட்டவன்

வேங்கிக்கால்,
வியாழக்கிழமை.

மரியாதைக்குரிய சம்பந்தி அபிநந்தன் அவர்களுக்கு, தரணேந்திரன் இரண்டு கையும் கூப்பி எழுதிக்கொள்வது. அருகன் அருளால் நானும் சுனந்தாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். மானத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளையும், என் மகள் சுதர்சனாவும், பேத்தி வர்ஷாவும் சௌக்கியமா என்று விசாரிக்க எனக்கு யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் விசாரித்து வைக்கிறேன்.

போனில் பேசியிருக்கலாம். உங்கள் குரலைக் கேட்டாலே போனை வைத்துவிடுகிறேன். ஊராட்சித் தலைவர் தேர்தலில் உங்களை நிற்க வைத்துத் தோற்கடித்தவன் நான்தான், வேறு யாருமில்லை. மனு போடுவதற்கு முந்தின நாள், தலைவருக்கு நிற்கப்போகிற மோட்டார் மெக்கானிக் அன்பரசன் உங்கள் வீடு தேடி வந்து, "நீங்க வார்டுல நில்லுங்கய்யா, எல்லாரும் சேந்து உங்களைத் துணைத் தலைவர் ஆக்கிடறோம்" என்று மரியாதையாகத்தான் சொன்னான். நீங்களும் சரி என்று சொல்ல வாயைத் திறந்தீர்கள். அப்போது நடுவில் புகுந்து, "துணையாவது மண்ணாவது! என் கணக்குப்படி நூத்துக்கு எழுபது ஓட்டு நமக்கு!" என்று கத்தியது இந்தப் பாழாய்ப்போன வாய்.

எல்லாம் செங்கம் ரோட்டுக் காபிக் கடையில் ஆரம்பித்த வினை. ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு அமெரிக்கக்காரர் எனக்குப் பழக்கமானார். அவர் நாட்டில் ஜனாதிபதி யார் வருவார் என்பதை எப்படியெல்லாம் முன்கூட்டியே சொல்கிறார்கள் என்று கதை கதையாகச் சொன்னார். ஜனங்களைக் கூப்பிட்டுக் கேட்பார்களாம். விலைவாசி கம்மியாக இருந்தால் ஆளுகிறவர் பக்கம் ஜெயிக்கும் என்பார்களாம். எவன் பெயரில் பந்தயம் ஜாஸ்தி விழுகிறது என்று பார்ப்பார்களாம். உயரமான ஆள்தான் ஜெயிப்பான் என்றுகூட ஒரு வாதம் உண்டாம். "ஆனால் பல தடவை..." என்று அவர் எதையோ ஆரம்பித்தபோது எனக்கு பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிவிட்டேன். அந்த மிச்ச வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருந்தால் இன்றைக்கு இந்தக் கடிதமே இல்லை.

ஒரு முறையையும் நான் விட்டுவைக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். போன தடவை உங்கள் அண்ணன் தலைவர், இந்த வருஷம் மல்லாட்டை விலை ஏறியிருக்கிறது, ஆகவே ஜனம் நம் பக்கம் என்று எழுதிக்கொண்டேன். விலை ஏறியது எல்லாரும் கடலையை விற்றுத் தீர்த்த பிறகு என்பதை எவனாவது சொன்னானா? டீக்கடைப் பந்தயத்தில் உங்கள் பெயர்தான் மேலே இருந்தது. பந்தயம் கட்டியவர்கள் அத்தனை பேரும் உங்கள் பங்காளிகள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்பரசனுடைய உயரத்தையும் நாடாப் போட்டு அளந்தேன். மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தவன், "என்னா சார், சட்டை தெக்கப் போறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து நின்று காட்டினான். அவனைவிட நீங்கள் ஒரு சாண் உயரம். அந்தச் சாணை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, ஐயையோ!

எல்லாவற்றுக்கும் மேல், வீடு வீடாகப் போய்க் கேட்டேன். நான் புள்ளியியல் துறையில் இருந்தவன். வயலில் கயிறு கட்டி, கட்டத்துக்குள் விளைந்த நெல்லை அறுத்து நிறுத்து, ஜில்லா மகசூல் இவ்வளவு என்று காலமெல்லாம் சொன்னவன். அதே மாதிரி தெருவுக்கு நாலு வீடு பொறுக்கினேன். ஒருத்தர் பாக்கியில்லாமல், "உங்க சம்பந்திக்குத்தான் சார், வேற யாருக்குப் போடுவோம்?" என்றார்கள். மோர் கொடுத்தார்கள். சேர் எடுத்துப் போட்டார்கள். தோற்ற பிறகு வேன்காரர் அருள்ராஜைப் பிடித்து உலுக்கினேன். "பொண்ணு குடுத்தவரு, வெயில்ல வந்து நிக்கறீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படி சார் இல்லன்றது? அன்பரசன் எந்நேரம் கூப்ட்டாலும் வந்து மோட்டாரைச் சரி பண்றான், ஓட்டு அவனுக்குத்தான்" என்றார். நெல்லுக்கு முகதாட்சண்யம் கிடையாது, சம்பந்தி. அதனிடம் கேட்டே பழகியவன் மனுஷனிடம் போய்க் கேட்டேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அதோடு விட்டேனா? மூன்று மணிக்கு முடிவு வரும், இருட்டுவதற்குள் ராத்திரியில் சாப்பிடாத நம் ஜைன ஜனம் வெற்றி விருந்தைச் சாப்பிட்டு முடிக்கலாம் என்று அதற்கும் கணக்குச் சொன்னேன். ஊரையே அழைத்தீர்கள். வாக்குச்சீட்டு எண்ணி எண்ணி, பொழுது சாய்ந்தது. ஜெயித்த சேதி வந்துதான் இலை போடுவது என்று நான் பிடிவாதம் பிடித்ததில் நம்மவர் ஒருவரும் கை நனைக்கவில்லை. விளக்கு வைத்த பிறகு சேதி வந்தது. தெருவில் அன்பரசன் ஆட்கள் பட்டாசு வெடித்துக்கொண்டு வந்தார்கள். நீங்கள் வாசலுக்குப் போய், "சமைச்சது வீணாகக் கூடாது, உள்ள வாங்கப்பா" என்று கூப்பிட்டீர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத நீங்கள், வெறும் வயிற்றோடு, உங்களைத் தோற்கடித்தவனுக்கு உங்கள் கையாலேயே பாயசம் ஊற்றினீர்கள். "பாயசம் பிரமாதம் சார்" என்று அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா!

மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது, "பரவால்ல விடுங்க சம்பந்தி, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ஞாயித்துக்கிழமை வர்ஷாவுக்குக் காதுகுத்து, கண்டிப்பா வந்துடுங்க" என்றீர்கள். உங்கள் ஊர் ஜனம் ஓட்டைப் பற்றி எந்தக் குரலில் சொன்னதோ, அதே குரல். சுதர்சனாவோ போனில், "அப்பா, உன் பேரை எடுத்தாலே மாமா எழுந்து மாட்டுக் கொட்டாய்க்குப் போயிடறாரு" என்கிறாள். அழைத்தது நிஜமா, முகதாட்சண்யமா? பேத்தி காது குத்தி அழும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும், சம்பந்தி. ஆனால் உங்களுக்குப் பிடிக்காமல் உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன்.

ஆகவே, முகத்துக்கு நேராக ஒன்றும் சொல்ல வேண்டாம். இத்துடன் இரண்டு சீட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் உங்கள் சின்னம் பூட்டு சாவி, அதற்கு அர்த்தம் வா. இன்னொன்றில் அன்பரசன் சின்னம் ஆட்டோ, அதற்கு அர்த்தம் வராதே. பிடித்ததைக் கவரில் போட்டு ஒட்டி, அருள்ராஜ் வேனில் அனுப்பிவிடுங்கள். பதில் வரும்வரை வீட்டை விட்டு நகர மாட்டேன். இனி இந்த ஜன்மத்தில் எதையும், மழை வருமா என்பதைக்கூட, முன்கூட்டிச் சொல்ல மாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசி. வர்ஷாவின் இரண்டு காதுக்கும் தாத்தாவின் முத்தம்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
தரணேந்திரன்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதியது காலையில். மத்தியானம் கணக்குப் போட்டுப் பார்த்ததில் பூட்டு சாவி வர நூற்றுக்கு எண்பது வாய்ப்பு என்று வந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்காமல், நானும் சுனந்தாவும் வர்ஷாவுக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசோடும் தூக்குச்சட்டியில் சோற்றோடும் இப்போது உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறோம். இதை அருள்ராஜ் உங்கள் கையில் கொடுப்பார். நீங்கள் திட்டிக்கொண்டே வண்டி எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்பது சுனந்தாவின் கணிப்பு. அன்றைக்கு நீங்கள் பட்டினி கிடந்ததால், நீங்கள் வராமல் நாங்கள் தூக்கைத் திறப்பதாக இல்லை. பொழுது சாய்வதற்குள் வந்துவிடுங்கள்.